கையை மட்டும் விடாதீங்க!

"டிட்டாவா! வண்டியில எத்தனை பேரு?"

ரேடியோ கரகரத்தது.

"என்ன அண்ணி, புதுசா விசாரணை? நாலு பேரு. காலைல நீதானே லிஸ்ட் குடுத்தே?"

"நல்லா எண்ணிப் பாத்தியா?"

"நாலு பேரை எண்ண நான் கணக்கு வாத்தியாரையா கூட்டிட்டு வரணும்? ரெண்டு கண்ணு போதும். நாலு. நாலே நாலு!"

"அப்படின்னா..." டூர் ஆபீசிலிருந்து பேசிய அண்ணி வைமிதியின் குரல் உடைந்தது. "இங்க பாலத்துக்கு அடியில செத்துக் கெடக்கிறவன் யாருடி?"

டிட்டாவாவின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. போன காலை அவளே திருப்பி எடுத்தாள். பின்னால் நாலு பேர் இருக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் என்ன ஏது என்று கேட்பார்கள்.

ஜீப் அப்போதுதான் ஆற்றைக் கடக்கும் இரண்டாவது துறையில் இறங்கி ஏறியிருந்தது. டயரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தாஹித்தித் தீவின் பாப்பெனோ பள்ளத்தாக்குப் பச்சை மலைகள். வெயில் சுள்ளென்று அடித்தது.

"சொல்லு அண்ணி" என்றாள் முகத்தில் சிரிப்போடு.

பேச்சு தாஹித்தி மொழியில். பின்னால் இருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு எழுத்து புரியாது. அதனால் அவள் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால்தானே சந்தேகம் வரும்?

"ஆம்பளை. வெள்ளைக்காரன். அம்பது வயசு இருக்கும். கழுத்துல கத்திக்குத்து. பாக்கெட்டுல பர்ஸ் இல்ல, பாஸ்போர்ட் இல்ல. நம்ம டூர் டிக்கெட் மட்டும் நனைஞ்சு கெடந்துச்சாம். இன்னைக்குத் தேதி. ஒரு ஆளுக்கான டிக்கெட். பேரு அழிஞ்சு போச்சு."

"ஒரு ஆளுக்கு..."

"உன் வண்டியில ஜோடி இல்லாம வந்த ஆம்பளைங்க எத்தனை பேரு?"

"ரெண்டு."

"ரெண்டுல ஒருத்தன் செத்தவனோட சீட்டுல உக்காந்திருக்கான்! நேத்து முத்துக்கடையில கொள்ளையடிச்சு, காவலாளியைக் குத்திட்டு ஓடினானே, அவனாத்தான் இருக்கும்னு போலீஸ் சொல்லுது. கரையோர ரோட்டை ரெண்டு பக்கமும் மறிச்சாச்சு. மலை ஏறி அந்தப் பக்கம் இறங்க உன் ஜீப்பை விட்டா அவனுக்கு வேற வழியில்ல."

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாத. அதுதான் முக்கியம். மலைச் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் போலீஸ் காத்திருக்கு. சிரிச்ச முகமா கூட்டிட்டு வந்து அவங்க கையில ஒப்படைச்சிடு. பின்னால வண்டி அனுப்பினா அவன் உஷாராயிடுவானாம். டிட்டாவா... பத்திரம்டி. அந்த நாலு பேரும்..."

கர்ர்ர்...

ரேடியோ செத்தது. அந்த வளைவில் தினமும் சாகும். சுரங்கத்தைத் தாண்டினால்தான் மறுபடி உயிர் வரும்.

இன்னும் இரண்டு மணி நேரம்!

டிட்டாவா கண்ணாடியில் பார்த்தாள்.

பிரான்சின் லியோனிலிருந்து வந்த வயதான தம்பதி. ஜெரார், ஒதில். ஜெரார் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிட்டார். ஒதில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சிரித்தாள்.

எதிர் பெஞ்சில் எத்தியென். அவனும் பிரான்ஸ்தான், மர்செய்க்காரன். காலையில் ஒரு கடை வாசலில் ஏறியதிலிருந்து அவன் வாய் மூடவில்லை.

அவனுக்குப் பக்கத்தில் ஸ்டெல்லான். ஸ்வீடன்காரன். ஆறடிக்கு மேல் உயரம். ஏறியதிலிருந்து வாய் திறக்கவில்லை. மடியில் ஒரு பெரிய பை. அதை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்தான்.

காலையில் அவள் செய்த வேலை நினைவுக்கு வந்தது. 'நீங்கதானே எத்தியென்?' என்று கேட்டாள். 'நீங்கதானே ஸ்டெல்லான்?' என்று கேட்டாள். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பேனாவால் இரண்டு டிக் அடித்தாள். பேரை அவளே தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறாள்!

'முட்டாள்' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அருவிக்கு எதிரே ஜீப்பை நிறுத்தினாள். தினமும் நிறுத்தும் இடம். இன்றைக்கு நிறுத்தாவிட்டால் தப்பாகிவிடும்.

"பத்து நிமிஷம்! போட்டோ எடுக்கறவங்க எடுக்கலாம். வழுக்கும், பாத்து இறங்குங்க!" என்றாள் பிரெஞ்சில்.

எத்தியென் முதல் ஆளாகக் குதித்தான். ஒதிலுக்குக் கை கொடுத்து இறக்கினான்.

"மெதுவா மேடம். உங்களை இங்க விழ விட்டா உங்க வீட்டுக்காரர் என்னைச் சும்மா விடுவாரா?"

"விடுவேன், விடுவேன்" என்றார் ஜெரார். "முதல்ல என் இடுப்பைக் கழட்டிக் கீழ வெக்க ஒரு ஆள் வேணும். தம்பி, நீ இதுக்கு முன்னாடி இந்த ஊருக்கு வந்திருக்கியா?"

"முதல் தடவை சார்! முந்தாநாள்தான் விமானத்துல இறங்கினேன். இன்னும் தூக்கமே சரியாகல."

ஸ்டெல்லான் இறங்கவில்லை. பையோடு உட்கார்ந்திருந்தான்.

"நீங்க வரலையா?" டிட்டாவா கேட்டாள்.

"இல்லை."

"பையை வண்டியில வெச்சிட்டு வரலாம். யாரும் எடுக்க மாட்டாங்க."

"இல்லை" என்றான் மறுபடி. பையை இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

டிட்டாவா ஓரடி பின்வாங்கினாள்.

இவன்தான். இவனேதான்! பைக்குள் கத்தி இருக்கும். முத்துகள் இருக்கும். இந்தக் கைகளால் ஒரு கழுத்தைப் பிடிப்பது எவ்வளவு சுலபம்!

தனியாக இதைச் சுமக்க அவளால் முடியவில்லை. வயதானவர்களிடம் சொன்னால் அலறுவார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

எத்தியென் ஒதிலை அருவிக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினான். டிட்டாவா அவன் பக்கத்தில் போனாள்.

"சிரிச்சுக்கிட்டே கேளுங்க. அந்த ஸ்வீடன்காரன் மேல எனக்குச் சந்தேகம்."

"என்ன சந்தேகம்?"

"கொலைகாரன்னு! காலைல ஒருத்தனைக் கொன்னுட்டு அவன் பேர்ல ஏறியிருக்கான். அந்தப் பக்கம் போலீஸ் நிக்குது. அதுவரைக்கும் சமாளிக்கணும்."

எத்தியெனின் முகம் வெளுத்தது. "கடவுளே! நான் அவன் பக்கத்துலயா உக்காந்திருந்தேன்?"

"இனிமே முன்னாடி என் பக்கத்துல வந்து உக்காருங்க. கண்ணாடியில அவனைப் பாத்துக்கிட்டே வாங்க. உங்களுக்கு இந்த மாதிரி ஜீப் ஓட்டத் தெரியுமா?"

அவன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு புருவங்களும் ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தன.

"நல்லதாப் போச்சு. எனக்கு ஏதாவது ஆயிட்டா நீங்கதான் இவங்களைக் கூட்டிட்டுப் போகணும்."

"என்னம்மா ரகசியம்?" ஒதில் பக்கத்தில் வந்து நின்றாள். "ஸ்வீடன், கொலைன்னு என்னமோ காதுல விழுந்துச்சே?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு... ஒரு சினிமா கதை."

எல்லோரும் ஏறினார்கள். எத்தியென் முன் சீட்டில் ஏறினான். டிட்டாவா சாவியைத் திருப்பினாள். கியரைப் போட்டாள். ஜீப் மூன்றாவது துறையில் இறங்கி ஏறியது. வாழைக்காட்டைத் தாண்டியது. மேட்டில் திணறியது.

அப்போதுதான் உறைத்தது.

புருவம்!

வாய் திறக்காமல் புருவத்தைத் தூக்கி இறக்கினால் 'ஆமாம்'. அவள் அம்மா அப்படித்தான் சொல்வாள். கடைக்காரர் அப்படித்தான் சொல்வார். பாதிரியார்கூட அப்படித்தான் சொல்வார். இந்தத் தீவில் பிறந்த பிள்ளை பேசப் பழகுவதற்கு முன்னால் இதைப் பழகிவிடும். பழகிப்போனதால்தான் அவளுக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு மேலே பேசிவிட்டாள்!

முந்தாநாள் விமானத்தில் இறங்கிய மர்செய்க்காரனுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

இவன் இங்கே பிறந்து வளர்ந்தவன். அப்பாவோ தாத்தாவோ பிரெஞ்சுக்காரராக இருந்திருப்பார். நிறம் வெள்ளை. நாக்கு தாஹித்தி!

அப்படியென்றால் அண்ணியும் அவளும் ரேடியோவில் பேசியது...

அத்தனையும் இவனுக்குப் புரிந்திருக்கிறது!

டிட்டாவா கியரை மாற்றினாள். அவனைப் பிடித்து இழுத்து வந்து தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டிருக்கிறாள்.

யோசி... யோசி...

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ் இருப்பது இவனுக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஏதாவது செய்வான். செய்யாமல் இருக்க வேண்டுமென்றால் பயம் போக வேண்டும்.

ரேடியோவை எடுத்தாள். பட்டனை அழுத்தினாள்.

"அண்ணி? சொல்லு அண்ணி, கேக்குது" என்றாள் தாஹித்தியில். செத்த ரேடியோ கர்ர்ர் என்றது. "என்னது? பிடிச்சிட்டாங்களா! துறைமுகத்துலயா? அப்பாடா... அப்ப செத்தவன் நம்ம ஆளு இல்லையா? சரி சரி. போலீஸ் கிளம்பிடுச்சா? நல்லது அண்ணி. நாங்க மெதுவா வந்து சேர்றோம்."

ரேடியோவை மாட்டினாள். பெருமூச்சு விட்டாள். அது மட்டும் நடிப்பு இல்லை.

பக்கத்துச் சீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம். விலாவில் ஏதோ குத்தியது.

"நடிப்பு பிரமாதம், தங்கச்சி."

சுத்தமான தாஹித்தி!

"ஆனா அந்த வளைவைத் தாண்டினா ரேடியோ எடுக்காது. மேல அந்த அணைக்கட்டுல ஆறு வருஷம் சிமெண்டு கலந்தவன் நான். ரோட்டைப் பாத்து ஓட்டு."

விலாவில் இருந்தது அவளுடைய கத்தி. தேங்காய் வெட்ட சீட்டுக்கு அடியில் வைத்திருப்பது. அவன் சட்டையின் மடிப்பு அதை மறைத்திருந்தது.

"அவங்களை ஒண்ணும் பண்ணிடாத" என்றாள். "அவங்க பாவம். என்ன வேணாலும் எடுத்துக்கோ. ஜீப்பை எடுத்துக்கோ."

"ஜீப்பை எடுத்துட்டு போலீஸ் மடியில போய் உக்காரவா? கேளு. கடைசித் துறையைத் தாண்டினா ஒரு மேடு வரும். போட்டோ எடுக்கன்னு எல்லாரையும் இறக்குவ இல்ல? அங்க ஸ்வீடன்காரன் கால் வழுக்கி விழுவான். முந்நூறு அடி. அப்புறம் நீ போலீஸ்கிட்ட சொல்ற. அவன்தான் கொலைகாரன், தப்பிச்சு ஓடப் பாத்தான், விழுந்தான். முடிஞ்சு போச்சு. செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேச மாட்டான்."

"பொய் சொல்ல மாட்டேன்!"

"யாரு பொய் சொல்லச் சொன்னா? நீயே உன் வாயால சொன்னதுதானே? அந்தக் கிழவிகூட கேட்டா. யோசனையே உன்னோடதுதான் தங்கச்சி. எனக்குத் தோணவே இல்ல."



"மாட்டேன்னா?" என்றாள் டிட்டாவா.

"மாட்டேன்னா கிழவனும் கிழவியும் சேர்ந்து வழுக்குவாங்க."

முதல் மழைத்துளி கண்ணாடியில் விழுந்தது.

பின்னால் ஜிப் திறக்கும் சத்தம். டிட்டாவா கண்ணாடியில் பார்த்தாள். ஸ்டெல்லான் பையைத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு மழைக்கோட்டை எடுத்து ஒதிலுக்குப் போர்த்தினான். இன்னொன்றை ஜெராரிடம் நீட்டினான். ஒரு காற்றுத் தலையணையை ஊதி, ஜெராரின் இடுப்புக்குப் பின்னால் வைத்தான். தெர்மாஸில் காபியும் இருந்தது.

"எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம்தான் வரும்" என்றான் கூச்சத்தோடு. "தப்பாப் பேசினா சிரிப்பாங்கன்னு பேசறதில்ல."

"ஐயோ ராசா!" என்றாள் ஒதில்.

டிட்டாவா உதட்டைக் கடித்தாள். இந்த மனுஷனையா கொலைகாரன் என்றாள்? இவனையா இன்னும் கால் மணி நேரத்தில் மலையிலிருந்து தள்ளப்போகிறார்கள்? அவளுடைய நாக்கு இவனைக் கொல்லப்போகிறது. அந்த நினைப்பு கத்தியைவிட அதிகமாக வலித்தது.

கடைசித் துறை வந்தது.

ஆற்றைப் பார்த்தாள். காலையிலிருந்து கண்ணாடியாக ஓடிய தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. மேலே கிழிந்த இலைகள் மிதந்து வந்தன. மலை உச்சியில் பெரிய மழை. இன்னும் பத்து நிமிடத்தில் இந்த ஆறு வேறு ஆறாகிவிடும்.

இந்த ஜீப்பைப் பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறாள். புருஷனைப் பிரிந்தபோது அவள் கேட்டு வாங்கிய ஒரே பொருள் இதுதான். பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள்.

'மன்னிச்சுக்கோடா செல்லம்' என்று மனசுக்குள் சொன்னாள்.

துறையில் இறங்கினாள். கல் பரப்பிய வழியை விட்டு ஒரு முழம் வலது பக்கம் ஒடித்தாள்.

தொபுக்!

முன் சக்கரங்கள் குழியில் இறங்கின. தண்ணீர் பானட்டின் மேல் ஏறியது. என்ஜின் இரண்டு தடவை இருமியது. நின்றது!

"என்ன பண்றே?" கத்தி அழுத்தியது.

"நான் என்ன பண்ணேன்? தண்ணி ஏறுது, உனக்குக் கண்ணு தெரியலையா? ஆறு வருஷம் இங்க இருந்தவன்தானே, நீயே பாரு!"

அவன் பார்த்தான். அவனுக்கும் ஆறு தெரியும். முகம் மாறியது.

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம். அதுக்குள்ள கரை ஏறலேன்னா எல்லாரும் கடலுக்குத்தான். கையைக் கோத்துக்கிட்டுப் போகணும். தனியா நடந்தா நிக்க முடியாது."

அவன் கத்தியை விலாப் பக்கம் இடுப்பில் செருகினான். பிறகு மெதுவாகச் சிரித்தான்.

"சரி. ஆனா ஸ்வீடன்காரன் என் பக்கத்துல, கடைசி ஆளா. மேடு எதுக்கு? ஆறே போதும்."



டிட்டாவா ஜீப்பைக் கட்டி இழுக்கும் கயிற்றை எடுத்தாள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சுற்று. முடிச்சு. முன்னால் அவள். அடுத்து ஜெரார். அடுத்து ஒதில். அடுத்து எத்தியென். கடைசியில் ஸ்டெல்லான்.

"எனக்குக் கயிறு வேணாம்" என்றான் எத்தியென்.

"வேணாம்னா போ. நடு ஆத்துல கால் நழுவினா உன்னைத் தேடி நான் வர மாட்டேன்."

ஜீப்புக்கு வெளியே தண்ணீர் தொடையளவைத் தாண்டியிருந்தது. அவன் பேசாமல் கயிற்றைக் கட்டிக்கொண்டான்.

டிட்டாவா மூச்சை இழுத்தாள். பன்னிரண்டு வருடம் டூர் நடத்திய குரலில் பிரெஞ்சில் கத்தினாள்.

"எல்லாரும் நல்லாக் கேளுங்க! கரை ஏறி நான் சொல்ற வரைக்கும் பக்கத்துல இருக்கறவங்க கையை விடக் கூடாது! அவங்களே விடச் சொன்னாலும் விடக் கூடாது! பயத்துல எதையாவது உளறுவாங்க, திட்டுவாங்க, காதுலயே வாங்காதீங்க! கையை மட்டும் விடாதீங்க! புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது!" என்றார்கள் மூன்று பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி.

எத்தியென் அவளை முறைத்தான். அவனுக்கும் புரிந்தது. ஆனால் அதற்குள் இரண்டு கைகளும் போயிருந்தன. ஒன்று ஒதிலிடம். ஒன்று ஸ்டெல்லானிடம்.

இறங்கினார்கள்.

தண்ணீர் பேய் வேகத்தில் இழுத்தது. அடியில் கற்கள் உருண்டன. ஒரு அடி... இன்னொரு அடி... ஜெரார் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார்.

நடு ஆறு.

எத்தியென் ஸ்டெல்லானின் கையை உதறினான்.

போகவில்லை. மறுபடி உதறினான். ஸ்டெல்லான் இன்னும் இறுக்கமாகப் பிடித்தான்.

"விடுடா!"

"பயப்படாதீங்க" என்றான் ஸ்டெல்லான் ஆறுதலாக. "நான் பிடிச்சிருக்கேன்."

"கையை விடுன்னு சொல்றேன்!"

"வழிகாட்டி விட வேணாம்னு சொன்னாங்க."

எத்தியென் இந்தப் பக்கம் திரும்பினான். ஒதிலிடமிருந்து கையைப் பிடுங்கப் பார்த்தான். கத்தியை எடுக்க ஒரு கை வேண்டும். ஒரே ஒரு கை!

"கிழவி, விடு!"

"கத்துப்பா, நல்லாக் கத்து!" என்றாள் ஒதில். "முப்பது வருஷம் பிரசவ வார்டுல நர்ஸா இருந்தேன். வலியில கையை உதறினவங்களையே விட்டதில்ல. உன்னையா விடுவேன்?"

அவன் குனிந்து ஒதிலின் கையைக் கடித்தான். அவள் அலறினாள். ஆனால் விடவில்லை!

டிட்டாவா கரையைத் தொட்டாள். ஓரத்தில் ஒரு பெரிய மரம். கயிற்றை அதில் ஒரு சுற்று போட்டாள். கால்களை ஊன்றி இழுத்தாள். ஜெரார் ஏறினார். ஒதில் ஏறினாள். எத்தியென் மேலே வந்தான். இரண்டு கைகளும் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தன. பின்னாலேயே ஸ்டெல்லான்.

"இப்ப விடலாமா?" ஒதில் கேட்டாள்.

"இருங்க!"

அவள் கயிற்றோடு மரத்தைச் சுற்றி ஓடினாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. எத்தியெனின் முதுகு மரத்தோடு ஒட்டியது. மூன்றாவது சுற்று போடும்போது அவன் இடுப்பிலிருந்த கத்தியை உருவினாள். முடிச்சுப் போட்டாள். ஈரத்தில் போட்ட முடிச்சு. சாமான்யமாக அவிழாது.

"இப்ப விடலாம்."

அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய சத்தம். ஜீப் புரண்டது. ஸ்டெல்லானின் பை, ஒதிலின் கைப்பை, எல்லோருடைய பாஸ்போர்ட்டும், பன்னிரண்டு வருடமும் ஆற்றோடு போயின.

டிட்டாவா பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

"கத்தியைக் கீழ போடு!"

மேட்டிலிருந்து குரல். நான்கு போலீஸ்காரர்கள். நான்கு துப்பாக்கிகள். குறித்த நேரத்துக்கு ஜீப் வராததால் சுரங்கத்தைத் தாண்டி நடந்தே வந்திருந்தார்கள். முன்னால் அதிகாரி ருவியே. அவரும் அவருடைய ஆட்களும் பாரிஸிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"சார், நல்ல நேரத்துல..."

"முதல்ல கத்தி!"

டிட்டாவா தன் கையைப் பார்த்தாள். கையில் கத்தி. எதிரே மரத்தில் கட்டிப்போட்ட டூரிஸ்ட். போட்டாள்.

"காப்பாத்துங்க சார்!" எத்தியென் கதறினான். அருமையான மர்செய் பிரெஞ்சு! "இந்தப் பொம்பளைக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு! ஜீப்பை வேணும்னே ஆத்துல இறக்கினா! கொலைகாரன் அந்த ஸ்வீடன்காரன். அவளே என்கிட்ட சொன்னா. இப்ப ரெண்டு பேரும் கூட்டு!"

"பொய் சார்! இவன் இந்த ஊர்க்காரன். என் விலாவுல கத்தி வெச்சான்!"

"அந்தக் கத்தி யாருது?"

"...என்னுது."

ருவியே ஒதில் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. இவங்க ஸ்வீடன்காரர்தான் கொலைகாரர்னு சொன்னாங்களா?"

ஒதிலுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "சொன்னா... என் காதால கேட்டேன். ஆனா அந்தப் பையன் ரொம்ப நல்ல..."

"உங்களைக் கடிச்சது?"

"இவருதான். பயத்துல கடிப்பாங்க. பிரசவ வார்டுலயும் கடிப்பாங்க."

இரண்டு துப்பாக்கிகள் ஸ்டெல்லான் பக்கம் திரும்பின. அவன் முழங்காலில் உட்கார்ந்தான். கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்தான். டிட்டாவாவைப் பார்த்தான்.

"நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டான்.



"அவரை அவிழ்த்து விடுங்க" என்றார் ருவியே.

ஒரு போலீஸ்காரன் எத்தியென் பக்கத்தில் போய் முடிச்சோடு போராடினான். எத்தியெனின் கண்கள் காட்டுப் பக்கம் போயின. ஆறு வருடம் பழகிய காடு! அவிழ்த்த அடுத்த நிமிடம் ஓடுவான். ஓடினால் கிடைக்க மாட்டான். பழி ஸ்டெல்லான் தலையில்தான்.

முதல் சுற்று தளர்ந்தது.

"சார்!" டிட்டாவா கைகளை உயர்த்தியபடியே கேட்டாள். "அவருக்குத் தாஹித்தி தெரியுமான்னு மட்டும் கேளுங்க சார்."

"ஒரு வார்த்தைகூடத் தெரியாது!" எத்தியென் சீறினான். "நான் மர்செய்க்காரன்! எத்தனை தடவை சொல்றது?"

இரண்டாவது சுற்று தளர்ந்தது.

டிட்டாவா அவன் தோள் பக்கம் பார்த்தாள். அவள் கண்கள் விரிந்தன. தாஹித்தியில், பதறாமல், பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"அசையாத. சாண் நீளப் பூரான் ஒண்ணு உன் காலருக்குள்ள இறங்குது."

ஸ்டெல்லான் அசையவில்லை. ஜெரார் அசையவில்லை. ருவியே அசையவில்லை. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

மர்செய்க்காரன் மட்டும் வீலென்று அலறினான்!

மிச்சமிருந்த கயிற்றுக்குள்ளேயே துள்ளினான். "எடுங்க! எடுங்க! ஐயோ, பூரான்! கழுத்துல! எடுங்கடா!" என்று அவனும் தாஹித்தியிலேயே கத்தினான். இரண்டு கைகளாலும் சட்டையைக் கிழித்து எறிந்தான். பூரானைக் காணவில்லை. வயிற்றோடு ஒட்டிக் கட்டியிருந்த துணிப்பட்டைதான் இருந்தது. அதன் கிழிசலிலிருந்து இரண்டு கறுப்பு முத்துகள் உருண்டு ருவியேயின் ஷூவுக்குப் பக்கத்தில் போய் நின்றன.

நான்கு துப்பாக்கிகளும் ஒரே திசையில் திரும்பின.

ஸ்டெல்லான் எழுந்தான். டிட்டாவா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதாள்.

ருவியே முத்துகளைக் குனிந்து எடுத்தார். சட்டையில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அப்படி என்னதான்மா சொன்னே அவன்கிட்ட?"

டிட்டாவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊருக்குப் புதுசுன்னு சொன்னாரே சார்... எங்க ஊர்ப் பூரானை அறிமுகப்படுத்தி வெச்சேன்!"